பெம்பானிலிருந்து வந்த கூட்டம்

ஆண்டுக்கு ஒரு வாரம் மலாக்காவில் பெண்களுக்கான தொழில்முறை டென்னிஸ் போட்டி நடக்கும். அந்த வாரத்துக்காகவே மற்ற வாரங்களைக் கடத்தினாள் பெம்பான் ஊர் உஷாராணி. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகள், பக்கத்து ஊரான ஜாசினில் பள்ளி விளையாட்டு ஆசிரியை. போட்டியில் ஆடுகளத்தின் கோட்டோரம் நின்று, பந்து வெளியே விழுந்தால் கையை நீட்டி ‘அவுட்’ என்று கத்துவது அவள் வேலை. எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்த வீராங்கனைகள் அந்தக் கைக்குக் கட்டுப்பட்டார்கள்.

அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவர் போட்டியின் இயக்குநர் தாட்சாயினி. உஷாராணியின் பிரசவத்தில் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவர். அக்கா என்றால் அக்காதான்.

போட்டி அங்கே நடந்த கடைசி ஆண்டில் அவர்தான் கேட்டார்.

“உஷா, கேலரி காலியா இருந்தா ஸ்பான்சர் ஓடிடுவாங்க. ஃபைனலுக்குக் கூட்டம் வேணும். நிறைஞ்சா மேட்ச் மலாக்காவிலேயே நிக்கும்.”

“நான் கூட்டிட்டு வரேன்க்கா.”

பெம்பான், செலண்டார் என்று ஊர் ஊராகப் போய் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஜாசின் பாசாரில் கீரை விற்கும் ராஜம்மா சிரித்தார். “டென்னிஸா? நமக்கென்னடி தெரியும்?”

“வந்து கை தட்டுங்க அத்தை, போதும். நம்ம ஊர்ல நிலைச்சுட்டா நம்ம பிள்ளைங்களும் ஒருநாள் ஆடும்லா.”

ராஜம்மா கடையை மூடிவிட்டு வந்தார். பஸ் பஸ்ஸாகப் பெண்கள் வந்து இறங்கி, வெயிலில் உட்கார்ந்து, புரியாத ஆட்டத்துக்குத் தொண்டை வற்றக் கத்தினார்கள். கழுத்தில் அட்டை தொங்கிய வெளிநாட்டார் சிலர் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கூட்டத்தையே படம் எடுத்தார்கள். ஸ்பான்சர்கள் போலிருக்கிறது என்று உஷாராணிக்கு உச்சி குளிர்ந்தது.

சில வாரங்களில் கைப்பேசியில் செய்தி வந்தது. போட்டியை வேறொரு நாட்டு நிறுவனம் வாங்கிவிட்டது. மலாக்காவில் இனி நடக்காது. செய்தியின் மேலே நிரம்பிய கேலரியின் படம். நடுவில் ராஜம்மா, வாய் நிறையச் சிரிப்போடு.

தாட்சாயினியின் வீட்டில் பெட்டிகள் கட்டியாகிவிட்டிருந்தன.

“எப்ப முடிவாச்சுக்கா?”

“பேச்சு முன்னாடியே நடந்துச்சு. கூட்டத்தைப் பார்த்துத்தான் சைன் பண்ணாங்க.” அவர் உஷாராணியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. “நானும் அங்கதான் போறேன். நீயும் வா, உனக்கு இடம் இருக்கு.”

“அப்ப எங்க ஆளுங்களைக் காட்டித்தான் வித்தீங்க.”

“இங்க எப்படியும் செத்துப் போயிருக்கும் உஷா.”

“அதைச் சொல்லியிருக்கலாமேக்கா.”

“சொன்னா கூட்டிட்டு வந்திருப்பியா?”

அக்கா ஊற்றி வைத்த தேநீரைத் தொடாமல் உஷாராணி எழுந்து வந்தாள். வழியில் காரை ஓரங்கட்டி அழுதாள்.

மறுநாள் பாசாருக்குப் போய் ராஜம்மாவிடம் தானே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கீரைக்கட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னார்.

“அந்தம்மா யாருன்னே எங்களுக்குத் தெரியாது. உன்னை நம்பித்தான் வந்தோம்.”

“விக்கப் போறாங்கன்னு எனக்கும் தெரியாது அத்தை. சத்தியமா.”

“சரி, போ. ஆளுங்க வராங்க,” என்று அடுத்தவருக்குக் கீரை எடுக்கத் திரும்பிவிட்டார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை.

தாட்சாயினி வெளிநாட்டிலிருந்து பலமுறை அழைத்தார். உஷாராணி எடுக்கவில்லை. அந்த ஆண்டு பள்ளி விளையாட்டு விழாவுக்குப் பெற்றோரை அழைத்து வரும் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்கள். வேறொரு ஆசிரியையிடம் மாற்றிவிட்டாள். இன்னொரு முறை அந்த வாசல்களில் போய் நின்று வாங்க என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை.