அறுநூறு கிராம் குறைந்த பெட்டி

விசாலாட்சியக்காவுக்கு எதைப் பார்த்தாலும் குமட்டும். சிங்கப்பூர் தேக்காவில் நாங்கள் வேலை பார்க்கும் எலக்ட்ரானிக்ஸ் கடையில் பதினோரு வருடமாகக் கவுண்டரில் நிற்பவர் அவர்தான். ஊருக்குப் போகிறவர்களின் சாமான்களை நிறுத்து, அட்டைப்பெட்டியில் போட்டு நைலான் கயிறு கட்டிக் கொடுப்பது என் வேலை. கோவிந்தராசு என்று பெயர், கடையில் எல்லாருக்கும் ராசு.

காலையில் ஷட்டரைத் தூக்கியதுமே ஏதாவது ஒரு சாமானுக்குத் திட்டு விழும். பல் துலக்கும் பிரஷ்ஷுக்கு ஓர் ஆப் வந்திருக்கிறது. "என் வாய் நாறுதுன்னு ஹேண்ட்போன் வந்து சொல்லணுமா? கருமம்லா!" துணி துவைக்கும் மிஷினுக்குப் பாஸ்வேர்டு. பேசும் ஐஸ்பெட்டி. சாப்பாட்டுக் கடையில் மெனு கேட்டால் மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் ஸ்டிக்கரைக் காட்டுகிறார்கள், அதன் மேல் யாரோ சிந்திய மிளகாய்ச் சம்பல் காய்ந்து கிடக்கிறது. இந்தச் சனியன்களை விற்றுத்தான் சம்பளம் வாங்குகிறோம் என்பதிலும் அக்காவுக்கு அருவருப்புதான். எனக்கும் கொஞ்சம் உண்டு.

கேம் மிஷினைக் கண்டால் மட்டும் திட்டக்கூட மாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதற்குக் காரணம் ரஞ்சன், அவருடைய ஒரே மகன். இருபத்தாறு வயது. வேலை முடிந்து ஈசூனில் இருக்கும் வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்துவிடுவான். ஒருநாள் அறையைக் கூட்டப் போன அக்கா, தூசி துடைக்கலாமே என்று அதைத் தூக்கியிருக்கிறார். அதன் சூட்டுக்கு உள்ளே குடியேறியிருந்த கரப்பான் குஞ்சுகள் காற்றுத் துளை வழியாக வரிசையாக வந்து கையில் ஏறிவிட்டன. அன்றைக்கு விட்டவர்தான், அந்த அறைக்குள் மறுபடி கால் வைக்கவில்லை. மகனும் வெளியே வந்து பேசுவதில்லை.

புது மாடல் வந்தால் கம்பெனி ஆள் கடைக்கு வந்து பத்து நிமிடம் விளக்குவான். அக்கா அந்த நேரம் பார்த்துக் கோப்பி குடிக்கப் போய்விடுவார். "விலை ஒட்டியிருக்கு, வாரண்டி கார்டு இருக்கு. அதுக்கு மேல அந்தக் கருமத்தப் பத்தித் தெரிஞ்சு நான் என்ன செய்யப் போறேன்?" நானும் கேட்டதில்லை. எனக்குக் கயிறு கட்டத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

அங்கமுத்து அப்படித்தான் எங்களிடம் வந்து மாட்டினார். கப்பல் பட்டறையில் வேலை, கிராஞ்சி விடுதியில் தங்கல், மூன்று வருடமாக ஊருக்குப் போகாதவர். மகள் கவிப்ரியா அரியலூர் பக்கம் எட்டாவது படிக்கிறாள். போனில் அப்பாவிடம் "ம்" என்பதற்கு மேல் பேசுவதை அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள். ஒரே ஒரு தடவை, தோழி வீட்டில் கார் ரேஸ் ஆடியதைப் பற்றி மூச்சுவிடாமல் பத்து நிமிடம் சொன்னாளாம். மனிதர் அதைப் பிடித்துக்கொண்டார். மாதத்துக்கு ஒன்றாகப் பழைய கேம் டிஸ்க் பன்னிரண்டு வாங்கித் துண்டில் சுற்றி வைத்திருந்தார். அறையில் ஒருவனுடைய மிஷினைக் கெஞ்சி வாங்கி, கட்டைவிரல் கொப்புளிக்க ஆடிப் பழகியும் இருந்தார்.

"ஒரு மாசம் லீவுக்கா. நானும் அவளும் ஒண்ணா உக்காந்து ஆடணும். அப்பவாச்சும் எங்கிட்ட பேசுவால்ல?"

அலமாரியில் இரண்டு ரகப் பெட்டிகள் இருந்தன. ஒரே வெள்ளை நிறம், ஒரே படம். விலையில் கொஞ்சம் வித்தியாசம். எது நல்லது என்று அவர் கேட்டார். அக்கா தேக்காவில் எல்லாரும் பார்ப்பதைத்தான் பார்த்தார். முப்பது கிலோவுக்கு மேல் ஒரு கிராம் போனாலும் விமான நிலையத்தில் பெட்டியைப் பிரித்து, குப்பைத் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டும். இரண்டையும் என் தராசில் மாட்டச் சொன்னார்.

"இது அறுநூறு கிராம் கம்மிலா தம்பி. இதையே எடுத்துக்குங்க. அந்த எடத்துல ஒரு மைலோ டின்னு வைக்கலாம்."

அப்படியே செய்தார்கள். சீல் உடைத்தால் ஊரில் பழைய சாமான் என்பார்கள், அதனால் பிரித்துப் பார்க்கவில்லை. மைலோ, கோடாலித் தைலம், டிஸ்க் சுற்றிய துண்டு எல்லாவற்றோடும் சேர்த்து நான்தான் கட்டினேன். இருபத்தொன்பது கிலோ எண்ணூறு. எங்கள் சாமர்த்தியத்தில் எங்களுக்கே பெருமை.

அடுத்த ஞாயிறு மதியம் என் போனுக்கு வீடியோ கால் வந்தது. அங்கமுத்து வீட்டுக் கட்டிலில் மிஷின் இருந்தது. போனைப் பிடித்திருந்தது கவிப்ரியா. அக்காவும் எட்டிப் பார்த்தார்.

"அத்தை, டிஸ்க்க எங்க போடுறது? இதுல ஓட்டையே இல்ல."

"முன்னாடி இருக்கும்லா, நல்லாப் பாரும்மா," என்றார் அக்கா, எல்லாம் தெரிந்தவர் போல.

நான் அலமாரியில் அங்கமுத்து வாங்கிய அதே ரகத்தில் இருந்த இன்னொரு பெட்டியை எடுத்துத் திருப்பினேன். கீழ் மூலையில், எறும்பு அளவு எழுத்தில், டிஸ்க் வேலை செய்யாது என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. எல்லாம் நெட்டில்தான் இறக்க வேண்டுமாம், ஒரு கேமுக்கே நூறு ஜிபி. அந்த ஊரில் போனுக்கு வருவது நாளைக்கு ஒன்றரை ஜிபி. படம் போட மட்டும் பெட்டி முழுக்க இடம் இருந்திருக்கிறது, த்தூ. நான் எழுத்தைக் காட்டினேன். அதைப் படித்ததும் அக்காவின் முகம் செத்துவிட்டது.

அங்கமுத்து திரையில் அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"அத்தை சரியாத்தான் குடுத்தாங்க பாப்பா. வெயிட்டு கம்மியா இருக்கேன்னு அப்பாதான் மாத்திக் கேட்டுட்டேன்."

"உங்களுக்கு என்னதான்பா தெரியும்?"

போன் கட்டிலில் விழுந்தது. திரையில் ஓடு வேய்ந்த கூரையும் சுற்றும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். கடை நிறைய ஆட்கள், எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"பாப்பா! உங்கப்பா மேல தப்பில்லம்மா. அவர் எங்கிட்டதான் கேட்டாரு. எனக்கு ஒண்ணும் தெரியாது, தெரிஞ்ச மாதிரி எடுத்துக் குடுத்துட்டேன். எம்மவன் பக்கத்து ரூம்லதான் இருக்கான், அவனக் கேட்டிருந்தாக்கூட சொல்லியிருப்பான். நான்தான்மா கேக்கல. பாப்பா, கேக்குதா?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் போனை யாரோ எடுத்தார்கள். அங்கமுத்துவின் முகம்.

"எனக்குக் கேட்டுச்சுக்கா," என்றார். "அவ அப்பவே எந்திரிச்சுப் போயிட்டா."