கிருமிக்கு வைத்த குங்குமம்

அகல்யா டீச்சருக்குத் தாளாளர் ஜம்புலிங்கத்தைக் கண்டாலே இளக்காரம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை நடத்திக் காசு பார்த்த மனிதர், பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தையும் திறந்துவிட்டார். சேர்க்கைக்கு வரும் பெற்றோருக்குப் படம் காட்ட மைக்ராஸ்கோப் ஒன்று வாங்கி, அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். ஒரு பிள்ளையும் அதைத் தொட்டதில்லை. ஆயுத பூஜையன்று மட்டும் வெளியே எடுத்து, லேத்துக்கு வைத்த கையோடு அதற்கும் பொட்டு வைப்பார். அறிவுக்கொழுந்து!

வேறு வழியில்லாமல் அகல்யா கடுகை வைத்துப் பாடம் நடத்தினாள். "ஒரு பாக்டீரியா இந்தக் கடுகு சைஸுக்கு வளருதுன்னு வெச்சிக்கோங்க. அதே கணக்குல நீங்களும் வளர்ந்தா, அம்பத்தூர் ஸ்டேஷன்ல தலை, பட்டரவாக்கம் ஸ்டேஷன்ல கால்." ஏழாம் வகுப்பே வாயைப் பிளந்தது.

வாயை அடக்கத் தெரியாமல் ஏற்கெனவே இரண்டு பள்ளிக்கூடங்களில் வேலையை விட்டவள் அவள். இங்கே வேலை நிரந்தரமாகும் ஆர்டரில், அறிவியல் கண்காட்சி முடிந்ததும் கையெழுத்துப் போடுவதாக ஜம்புலிங்கம் சொல்லியிருந்தார்.

கண்காட்சியன்று, தயிரில் இருக்கும் பாக்டீரியாவைக் காட்டலாமென்று ஒரு சொட்டுத் தயிரை மைக்ராஸ்கோப்பிடம் எடுத்துக்கொண்டு போனாள். "நீ தொடாதம்மா, லென்ஸு பூடும்" என்று அவளைத் தயிரோடு ஒதுக்கிவிட்டு ஜம்புலிங்கமே குனிந்தார்.

"யம்மாடி! இன்னாமா சேப்பா கீது! அத்தினியும் கிருமி!"

பெற்றோர் முண்டியடித்தார்கள். அகல்யாவும் எட்டிப் பார்த்தாள். பூஜையன்று பொட்டு வைத்தபோது, லென்ஸுக்கு அடியில் இருந்த கண்ணாடித் தகட்டையும் அந்த ஆள் விட்டுவைக்கவில்லை. அதன்மேல் அப்பியிருந்த குங்குமம்தான் அது. இவரெல்லாம் ஒரு தாளாளர்!

அடுத்துப் பார்த்த ஏழாம் வகுப்புக் கெட்டிக்காரி காவ்யா, சட்டென்று நிமிர்ந்தாள்.

"மிஸ், கிருமி கண்ணுக்கே தெரியாதுன்னு சொன்னீங்க. இது சும்மா பாத்தாலே தெரியுதே. நெஜமாவே கிருமியா?"

கூட்டம் மொத்தமும் டீச்சரைப் பார்த்தது. ஜம்புலிங்கமும் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றாள் அகல்யா. "கிருமிதான்."

காவ்யா நகர்ந்து போய்த் தோழியின் காதில், "மிஸ்ஸும் அவரு மாதிரிதான்டி" என்றாள். அகல்யாவுக்கு அது நன்றாகவே கேட்டது.

சாயங்காலம் ஆர்டர் கைக்கு வந்தது. வாங்கும்போது ஜம்புலிங்கத்தை நிமிர்ந்து பார்க்க அவளுக்கு முகமில்லை.