எட்டடித் தொட்டியின் மூத்த குடித்தனக்காரர்

சித்தியின் வளர்ப்பு மீன் கடைக்கு ஆசையோடு போய் வெறுங்கையோடு திரும்பியவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். வாங்க வக்கில்லாமல் அல்ல, அவள் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டதால். உள்ளே நுழைந்ததுமே மூன்று கேள்வி. "எத்தனை அடி தொட்டி? தண்ணி ஊத்தி எத்தனை நாளாச்சு? உள்ள ஏற்கெனவே யார் இருக்காங்க?" மூன்றாவது கேள்விக்கு, "ஏஞ்சல் மீன் ரெண்டு இருக்கு, இந்தக் கோடு போட்ட பார்ப் மீன்ல நாலு குடுங்க" என்று பதில் வந்தால் கதை முடிந்தது. "இது அதோட துடுப்பைக் கடிச்சுக் கந்தலாக்கிரும். போயிட்டு வாங்க" என்று ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த தொட்டிக்கு நகர்ந்துவிடுவாள். வாசலில் என்ன பலகை மாட்டியிருந்தாலும் ஜனங்கள் வைத்த பெயர் விசாரணைக் கடை. அப்படியும் ஆறு மாதம் கழித்து அதே ஆட்கள் அங்கேயேதான் வந்து நிற்பார்கள். வேறு கடையில் வாங்கியது செத்திருக்கும்.

மீன் அவளுக்குப் பரம்பரைத் தொழில் இல்லை. முதலில் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வைரமுனைக் கத்தியால் ஒரே இழுப்பில் கோடு போட்டு, மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் கண்ணாடி சொன்ன பேச்சுக் கேட்டு இரண்டாகும். விரிசல் விட்ட மீன் தொட்டிகளை ஒட்டிக் கொடுக்கும்போது, உள்ளே இருந்த மீனுக்கு என்ன ஆச்சு என்று விசாரிக்க ஆரம்பித்ததுதான், அந்த விசாரணை இன்றுவரை ஓயவில்லை. அங்கேதான் ஒருவர் ஜன்னலுக்குக் கண்ணாடி வாங்கப் போனார். மனைவியை இழந்து இரண்டு வருஷம் ஆனவர், அச்சகத்தில் வேலை. ஒரே ஜன்னலுக்கு மூன்று முறை அளவைத் தப்பாகச் சொல்லி, மூன்று முறையும் நேரில் போனார். அளவெடுப்பதில் அவரைவிடக் கெட்டிக்காரர் அச்சகத்திலேயே கிடையாது என்பது வேறு விஷயம்.

அவருடைய ஒரே மகளுக்கு அப்போது பத்து வயது. அவரைக் கட்டிக்கொண்டு சித்தி வந்த முதல் வாரமே வீட்டைத் தலைகீழாக்கிவிட்டாள். பீரோ எதிர்ச் சுவருக்குப் போனது. சாப்பாட்டு மேசை ஜன்னலோரம் வந்தது. அம்மாவின் தையல் மெஷின் கூடத்திலிருந்து உள்ளறைக்கு நகர்ந்தது. வந்தவள் அம்மாவைத் துடைத்து எடுக்கப் பார்க்கிறாள் என்று மகளுக்கு நெஞ்சு கொதித்தது. சித்தியின் செருப்பைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொட்டினாள், ஐந்து நாள் தொடர்ந்து. சித்தி மூச்சு விடாமல் குடித்துவிட்டுப் போனதில், இந்தப் பொம்பளைக்கு நாக்கே இல்லை என்று முடிவு செய்தாள். "பிள்ளையை ஹாஸ்டல்ல போட்டுருங்க, நீங்களாவது நிம்மதியா இருங்க" என்று அத்தை யோசனை சொன்னபோது, சித்திதான் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாளாம். ஊர் வாய்க்குப் பயந்து நின்றிருப்பாள் என்றுதான் மகள் எடுத்துக்கொண்டாள். வளர்ந்த பிறகு சண்டை இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் அந்தத் தையல் மெஷின் மட்டும் தொண்டையில் முள்ளாகவே நின்றது.

அந்த மகள் இப்போது ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். மேசைக்கு எதிரே எட்டடி நீளத்தில் ஒரு நன்னீர் மீன் தொட்டி. கட்டு அவிழ்த்தவர்களை அரை மணி நேரம் அதன் முன்னால்தான் உட்கார வைப்பார்கள். மங்கலாகவே பார்த்துப் பழகிய கண்கள் ஒரு சிவப்பு வாலைத் தேடிப் பிடிக்கும் அந்த நிமிஷத்தைப் பார்ப்பதற்காகவே மகளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

தொட்டியை அமைத்தவர் கண்ணுக்கு அழகாக இருந்ததையெல்லாம் ஒரே நாளில் அள்ளிக் கொட்டியிருந்தார். குளிர்ந்த தண்ணீர் கேட்கும் கோல்டு ஃபிஷ் ஹீட்டர் போட்ட வெதுவெதுப்பான நீரில் வாடிப் போனது. நியான் டெட்ராக்கள் ஏஞ்சலுக்கு இரையாயின. ஏஞ்சலைப் பார்ப்கள் கடித்துக் குதறின. கட்டைவிரல் அளவில் வந்த பச்சை நிறச் சிக்லிட் ஒன்று உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்து மிச்சம் இருந்தவர்களை ஒரு கை பார்த்தது. எட்டடித் தொட்டியில் அது ஒன்றுதான் பாக்கி. ஊழியர்கள் அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருந்தார்கள், நிர்வாக அதிகாரி பக்கத்தில் இல்லாதபோது. இரண்டு முறை புதிய மீன்கள் விட்டும் ஒரு வாரம் தாங்கவில்லை. ஒரு நாள், அப்போதுதான் கட்டு அவிழ்த்த பெரியவர் ஒருவர் கூர்ந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, ஒண்ணு தலைகீழா மிதக்குதே?" என்றார். மகளுக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தொட்டியைத் தூக்கிவிட்டு ஆறு நாற்காலி போடப் போவதாக அதிகாரி சொன்னார். "எங்க சித்தி பார்த்துக்குவாங்க சார், ஒரே ஒரு தடவை" என்று மகள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். தவணை ஐந்து வாரம். அதற்குள் ஒரு மீன் மிதந்தாலும் தொட்டி போகும், அவள் சொன்ன சொல்லும் போகும்.

சித்தி வந்தாள். தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டு ஒரு மணி நேரம் அந்த மீன் போகிற வழியையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல இந்த ரவுடியை எடுத்துருங்க. பின்னாடி குளத்துல விட்டுடலாம். அப்புறம் நல்ல மீனா நாலு போடுங்க" என்றார் அதிகாரி.

சித்தி திரும்பினாள். "குளத்துல விட்டா அங்க இருக்கறதைத் தின்னும், இல்ல அது சாகும். இது ரவுடியும் இல்ல சார். சின்னதுல இருந்து இங்க இருக்கு, வர்றவங்க எல்லாம் இது இடத்துல வந்து விழறாங்க. மூத்த குடித்தனக்காரரை வெளிய தள்ளிட்டு யாருக்கு சார் வீடு கட்டறது?"

அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். விசாரணைக் கடையில் எல்லோரும் கடைசியில் ஒதுங்கித்தான் நிற்பார்கள்.

அந்த மீனுக்கு ஏற்ற கூட்டாளிகளை அவள் தேர்ந்தெடுத்த விதத்தைப் பார்த்தபோது மகளுக்கு மலைப்பாக இருந்தது. அதன் வாய்க்குள் நுழையாத அளவு வேண்டும். அதே வெப்பத்தில், அதே தண்ணீரில் பிழைக்க வேண்டும். அது நடுத்தண்ணீரில் உலாவுவதால் மற்றவை மேலேயும் கீழேயும் பிழைப்பு நடத்த வேண்டும். தட்டை உடம்பும் வேகமும் கொண்ட சில்வர் டாலர் பத்து, ஓரிடத்தில் நிற்காத ரெயின்போ பன்னிரண்டு, தரையைக் கிளறித் தின்னும் கோரிடோராஸ் எட்டு. "கூட்டமா இருந்தாத்தான் பயம் இருக்காது. ரெண்டு ரெண்டா வாங்குறது மனுஷங்க பழக்கம்" என்றாள். எல்லாவற்றையும் தன் கடையில் நான்கு வாரம் தனியாக வைத்து, நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். ரெயின்போ ஒன்று சரியாகத் தின்னவில்லை என்று அதைக் கழித்துவிட்டாள்.

வெளி நோயாளிகள் வராத ஞாயிற்றுக்கிழமை காலை, முழங்கைவரை சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். மீன் விடுவதற்கு முன் உள்ளே இருந்த கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். மரக்கட்டையைத் திருப்பிப் போட்டாள். இடது ஓரக் கல் வலது ஓரம் போனது, நடுவில் இருந்த குன்று மூலைக்குப் போனது. மேனேஜர் அங்கும் இங்கும் தவித்தது. ஒரு மூலையில் விளிம்பு உடைந்து கவிழ்ந்து கிடந்த மண்சட்டி மட்டும் மிச்சம். மகள் வாளியை நீட்டினாள்.

"அதைத் தொடாதே. அது தூங்குற இடம்."

விளக்கை அணைத்து, மேனேஜருக்கு வயிறு நிறையத் தீனி போட்டுவிட்டு, புதியவர்களை இறக்கினாள். முதல் சில்வர் டாலர் இறங்கியதும் மேனேஜர் பாய்ந்தது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து நிமிஷம் குடுங்க" என்றாள் சித்தி.

பாய்ந்து போனது பாதியில் நின்றது. எந்தக் கல்வரை துரத்துவது அதன் வழக்கமோ அந்தக் கல் அங்கே இல்லை. சுற்றிச் சுற்றி வந்தது, எதுவரை தன் இடம் என்று அதற்கே பிடிபடவில்லை. கடைசியில் மண்சட்டிக்குள் போய்ப் படுத்து, தலையை மட்டும் வெளியே நீட்டி வேடிக்கை பார்த்தது. சில்வர் டாலர்கள் தலைக்கு மேல் திரும்பித் திரும்பிப் பளபளத்தன. ஐந்தாவது வாரமும் முடிந்தது. ஒன்றுகூட மிதக்கவில்லை. அதிகாரி வாங்கி வைத்திருந்த ஆறு நாற்காலியையும் தொட்டிக்கு எதிரே வரிசையாகப் போட்டுவிட்டார்.

மறுநாள் சித்தி கண்ணாடி துடைக்க வந்தபோது மகள் பக்கத்தில் போய் நின்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே ஒன்று உள்ளே குடைந்துகொண்டிருந்தது.

"சித்தி, நீங்க நம்ம வீட்டுக்கு வந்த வாரம் பீரோ, மேசை, அம்மாவோட மெஷின் எல்லாத்தையும் இடம் மாத்தினீங்களே."

"ஆமா, இடுப்பு விட்டுப் போச்சு. உங்கப்பா ஒரு முனையைத் தூக்கினா இன்னொரு முனையைக் கீழ போட்டுருவாரு."

"எதுக்கு மாத்தினீங்க?"

சித்தி துண்டைப் பிழிந்தாள். "எல்லாம் இருந்த மாதிரியே இருந்தா, நான் எங்க உட்கார்ந்தாலும் அது உங்கம்மா இடம். நீ காவல் காத்துக்கிட்டே இருந்த. பத்து வயசுப் பிள்ளை எவ்வளவுதான் காவல் காக்கும்? பாவமா இருந்துச்சு." மறுபடி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். "உன் கட்டிலைத் தொடலையே நான். உங்கப்பாகூடக் கேட்டாரு, அதை அந்தப் பக்கம் போட்டா பீரோவுக்கு இடம் கிடைக்குமேன்னு. வேணாம்னுட்டேன்."

மகள் அந்த அறையை நினைத்துப் பார்த்தாள். ஜன்னலோரம் கட்டில். தலைமாட்டில் அம்மாவின் படம். ஜன்னலில் அம்மா தைத்த பச்சைத் திரை, சாயம் வெளுத்து, ஓரம் பிரிந்து, ஒவ்வொரு வருஷமும் யாரோ அதே பச்சை நூலால் தைத்து வைத்திருந்த திரை. கல்யாணமாகி வீட்டை விட்டுக் கிளம்பிய நாள்வரை அந்தக் கட்டில் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. நகர்ந்ததையெல்லாம் இருபத்திரண்டு வருஷமாக ஒன்று விடாமல் ஞாபகம் வைத்திருந்தவள், இதைப் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"சித்தி, உங்க டீயில நான்தான் உப்புப் போட்டேன்."

"தெரியும்" என்றாள் சித்தி, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதான் குடிச்சேன்."