வெள்ளை நாயும் வெள்ளைத் துணியும்

மலாய் நாட்டுக்கு மெர்டேகா, அதாவது சுதந்திரம், வந்த ஆண்டு, சீமைக்குக் கப்பலேறவிருந்த என் வெள்ளைக்கார மேலதிகாரியின் வீட்டில் ஸ்பிட்ஸ் நாய்க்குட்டிகள் இரண்டு மிஞ்சியிருந்தன. ஒன்று வெள்ளை, மற்றது பழுப்பு. நான் இரண்டையும் தூக்கிக் கண், காது, ஈறு எல்லாம் பார்த்தேன். குறையொன்றும் இல்லை. மகள் அதற்குள் வெள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வெள்ளையா? அழுக்கு அப்படியே தெரியுமேடி. யார் குளிப்பாட்டறது?" என்றாள் என் மனைவி.

"அப்பாதான்," என்றாள் மகள், என்னைக் கேட்காமலே.

உண்ணி ஒட்டினால் வெள்ளை முடியில் உடனே கண்ணில் படும் என்று நானும் அவள் பக்கம் சேர்ந்தேன்.

நாங்கள் குடியிருந்த காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு வலப்பக்கம் கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் மலாய்க் குடும்பம். அந்த வீட்டம்மாளை மகள் மலாயில் அத்தை என்று பொருள்படும்படி மக்சிக் என்பாள், மனைவி அக்கா என்பாள். நோன்புப் பெருநாளுக்கு அங்கிருந்து பலகாரம் வரும். தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும்.

நாய்க்கு வேளாவேளைக்குச் சோறும் நெத்திலியும் வைத்தோம். அதன் முடி இரண்டு அடுக்கு. மேலே மட்டும் சீவினால் அடியில் சடை விழும். பிரித்துப் பிரித்துத் தோல்வரை சீப்பை இறக்க வேண்டும். நிழலும் காற்றும் இருந்ததால் வேலியோரம் உட்கார்ந்து சீவுவேன். முடி பஞ்சுபோலப் பறக்கும். மகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவாள்.

ஒரு நாள் காலை மனைவி சமையலறை ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்க. அக்கா வெள்ளைத் துணியைப் போய் சேத்துத் தண்ணியில முக்குது!"

போய்ப் பார்த்தேன். அது அவர் தொழுகைக்கு அணியும் வெள்ளை அங்கி, வேலியோரக் கொடியில் காயப்போட்டிருந்தது. மண் கரைத்த நீரில் ஒரு முறை, பிறகு நல்ல நீரில் ஆறு முறை. ஈரத்தில் நாய் முடி ஒட்டினால் அவர்கள் மார்க்கப்படி அப்படித்தான் கழுவ வேண்டும். வெள்ளைத் துணியில் வெள்ளை முடி. ஒட்டியதா இல்லையா என்று தேடிப் பார்க்கவும் வழியில்லை.

மனைவி அடுப்பை அணைத்தாள். "எஸ்டேட்ல என் தம்பிகிட்ட அனுப்பிடலாங்க. அக்கா மனசு நோகக்கூடாது."

மகள் நாயைக் கட்டிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டாள். எவ்வளவு அழைத்தும் வெளியே வரவில்லை.

மனைவி வேலியருகே போனாள். இருவரும் மலாயில்தான் பேசினார்கள்; அக்கா பேச்சில் ஒட்டிவரும் 'லா'வை மட்டும் விட்டுவைத்துத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"அக்கா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா உன் பொண்ணு அழுவாளே."

"நாயை அனுப்பிடறோம்க்கா."

"ஐயோ, அது என்ன செய்யும்? உன் வீட்டுக்காரருக்கு உள்ள உக்கார இடமில்லையா லா? வீட்டுக்குள்ள சீவச் சொல்லு. என் துணி காயிறவரைக்கும் அதை வெளிய விடாதே. அவ்வளவுதான்."

மனைவி வந்து சொன்னதும் கட்டிலுக்கடியிலிருந்து முதலில் வந்தது நாய்தான்.

அன்றிலிருந்து குளியலறையின் ஈர சிமெண்டுத் தரையில் வைத்துச் சீவுகிறேன். முடி பறப்பதில்லை, அள்ளிக் கொல்லையில் புதைத்துவிடுவேன். துணி காய்ந்து உள்ளே போனதும் மக்சிக் குரல் கொடுப்பார். மகள் கதவைத் திறப்பாள். நாய் முற்றத்தில் பாயும். அதை ஒரு நாளும் தொடாத அவர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அதைத் தலையிலிருந்து வால்வரை பார்வையிடுவார்.

"காதுக்குப் பின்னால சடை இருக்கே. உங்கப்பா இன்னிக்குச் சரியாச் சீவல போல லா," என்று நேற்றுகூட மகளிடம் சொன்னார். போய்ப் பார்த்தேன், இருந்தது.