மூச்சு விடாத அத்தான்

குப்பியைத் திறக்கும்முன் அத்தான் கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். பொடியை அள்ளி, தராசில் நிறுத்து, மூடியைத் திருகும்வரை விடுவதில்லை. விடும் மூச்சில் ஈரம் இருக்கிறதாம். ஈரம் பட்டால் பொடிக்குள் இருக்கும் ஓட்டைகள் இடிந்துவிடுமாம். ஆய்வகத்தில் அவருக்கு ‘ஓட்டை சார்’ என்றே பெயர்.

“மாஸ்க் போட்டுக்கலாமே அத்தான்?” என்று கேட்டேன்.

“மூக்குப் பக்கத்துல இடைவெளி இருக்கும் மாப்ள. ஓட்டையப் பத்தி எனக்கே சொல்றியா?”

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. உப்பு ஜாடி, பற்பசை, தபாலில் வரும் உறை, எதைத் திறந்தாலும் மூச்சு நின்றுவிடும். காரின் கதவருகே கன்னம் உப்ப நின்றவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை தண்ணீரோடு ஓடிவந்தார்.

உலோகத்தையும் கரிமச் சேர்மங்களையும் கோத்து, சாரம் கட்டுவதுபோல் அவர் கட்டிய பொடி அது. ஒரு கரண்டிப் பொடியின் உட்சுவர்களை விரித்தால் ஒரு மைதானத்தையே மூடலாம் என்பார்.

“ஸ்பூனுக்குள்ள மைதானத்த வைக்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு அலமாரிக்குள்ள நாலு சட்டைய வைக்கத் தெரியல” என்பாள் என் அக்கா.

புரொப்பேன், புரொப்பிலீன் என்று இரண்டு வாயுக்கள். உருவத்தில் மயிரிழை வித்தியாசம். இவற்றைப் பிரிக்க ஆலைகள் ஏகப்பட்ட எரிபொருளைக் கொளுத்துகின்றன. அத்தானின் பொடி புரொப்பிலீனைப் பிடித்து வைத்துக்கொண்டு மற்றதை வெளியே விட வேண்டும். இரண்டு முறை இரண்டும் சேர்ந்தே வெளியே வந்து மானத்தை வாங்கின. மூன்றாவது முறையும் அப்படியென்றால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா. அவருடைய அறைக்கு ஜெராக்ஸ் இயந்திரம் வரும். இயக்குநர் டேப்போடு வந்து சுவரை அளந்துவிட்டும் போனார். பத்து வருஷ உழைப்பு.

சோதனையன்று நானும் கூடப் போயிருந்தேன். வெளியே வரும் வாயுவைக் காட்டும் திரையில் புரொப்பேன் கோடு மேலே ஏறியது. அடுத்த கோடான புரொப்பிலீனைப் பார்க்கத் தைரியமில்லாமல் அத்தான் மூலைக்குப் போய், குப்பியைத் திறந்து மீதிப் பொடியை நிறுக்க ஆரம்பித்தார். ஏழாவது தடவையாக அதையே நிறுத்துக்கொண்டிருந்தபோது உதவியாளரம்மா திரும்பினார்.

“சார், பதினெட்டு நிமிஷம் ஆச்சு. ரெண்டாவது கோடு இன்னும் படுத்தே கிடக்கு. பிரிஞ்சிடுச்சு சார். ஏதாவது சொல்லுங்க.”

அத்தானின் கண்ணில் நீர் முட்டியது. உப்பிய கன்னத்தோடு மேசையெல்லாம் தடவி மூடியைத் தேடி எடுத்தார். நிதானமாகத் திருகினார். இன்னொருமுறை இறுக்கிப் பார்த்தார். குப்பியை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

அப்புறம்தான் மூச்சை விட்டார்.