அவர் திறந்த என் முகப்புப் பக்கம்

அப்பா இறந்த பிறகு, மன்னார்க் கரையோரம் பேசாலையில் எங்கள் வீட்டில் கிடந்த பழைய கணினி ஒன்றை இணையத்தளம் காட்டும் வெப் சேர்வராக ஓடவிட்டேன். நான் எடுத்த படங்கள் அதில் இருந்தன: கரையேறிய வள்ளங்கள், காயும் கருவாடு, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும் அப்பா. வெளிநாடுகளில் இருக்கும் ஊர்க்காரர் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

அப்போது மன்னார் நகரத்தில் ஒரு கணினி நிலையத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அதன் உரிமையாளருக்குத்தான் முதலில் காட்டினேன். அவர் முகவரியைத் தட்டினார். நான் ஆசையாகச் செய்த முகப்புப் பக்கம் வரவில்லை. கோப்புகளின் பெயர்கள் மட்டும் வரிசையாக வந்தன. வகுப்புப் பிள்ளைகளுக்குக் கேட்கும்படி சிரித்தார்.

"இது வெப்சைட்டோ, கடைக்குக் குடுத்துவிடுற சாமான் துண்டோ? இதோட நீர் மற்றாக்களுக்குப் படிப்பிக்கிறீர்!"

பிள்ளைகளும் சிரித்தார்கள். காது சுட்டது.

வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் விளங்கியது. முகவரியை மட்டும் தட்டினால் சேர்வர் 'இண்டெக்ஸ்' என்ற பெயருள்ள பக்கத்தைத்தான் தானாக எடுத்துக் காட்டும். நான் 'முகப்பு' என்று பெயர் வைத்திருந்தேன். தேடிய பக்கம் கிடைக்காததால் அது உள்ளே இருந்த எல்லாவற்றையும் கொட்டிக் காட்டிவிட்டது. சேர்வரின் அமைப்புக் கோப்பில் 'முகப்பு' என்ற பெயரையும் ஒரு வரியில் சேர்த்தேன். முதல் பக்கம் ஒழுங்காக வந்தது. படங்கள் இருந்த கோப்புறைக்குள் மட்டும் எந்தப் பக்கமும் வைக்கவில்லை. அங்கே இன்னும் பட்டியல்தான் வந்தது. அந்த மாதமே வேலையை விட்டேன்.

சில மாதங்களில் அந்த உரிமையாளர் மன்னாரைப் பற்றி ஒரு தளம் தொடங்கினார். திறந்ததும் அப்பா வலை பொத்தும் படம். கீழே, 'படப்பிடிப்பு' என்று அவருடைய பெயர். ஒருநாள் எங்கள் பக்கம் மின்சாரம் போனபோது கைபேசியில் அந்தத் தளத்தைப் பார்த்தேன். அப்பா இருந்த இடம் வெறுமையாக இருந்தது. மின்சாரம் வந்ததும் அப்பாவும் வந்தார். படம் என் வீட்டுக் கணினியிலிருந்தே வந்துகொண்டிருந்தது; தன் கணினிக்கு எடுத்துவைக்கக்கூட அந்த மனிதர் மினக்கெடவில்லை. 'மேலும் படங்கள்' என்ற பொத்தானும் நேரே என் கோப்புறையைத்தான் திறந்தது.

கோப்புறையை அன்றைக்கே பூட்டியிருக்கலாம். பூட்டவில்லை. நகரத்து மண்டபத்தில் அந்தத் தளத்துக்கு வெளியீட்டு விழா வைக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கடைத்தெருவில் என்னைக் கண்டு தானே அழைத்தார்.

"நீரும் வாரும். பார்த்துப் பழகலாம்."

"ஓம் சேர், கட்டாயம் வாறன்."

விழா நாள் காலையில் அந்தக் கோப்புறைக்குள் ஒரு பக்கத்தை எழுதி, 'இண்டெக்ஸ்' என்று பெயர் வைத்தேன். இனி அதைத் திறப்பவருக்குப் பட்டியல் வராது. என் பக்கம் வரும். பிறகு கோயிலுக்குப் போய், மின்சாரம் போகக்கூடாது என்று மாதாவிடம் மன்றாடினேன். காற்று அப்படி அடித்தது.

மண்டபத்தில் மாவட்டக் கச்சேரியின் அரசாங்க அதிகாரிகள், பங்குத்தந்தை, பாடசாலை அதிபர்மார். உரிமையாளருடைய மனைவி முன்வரிசையில் இருந்தா. நானும் அம்மாவும் பின்னால். அவர் மேடையில் நின்று பெரிய திரையில் அப்பாவைக் காட்டி, "இந்தப் படத்துக்காக விடியவெள்ளன கரையில காத்திருந்தனான்" என்றார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தா.

"இன்னும் கனக்கக் கிடக்கு, பாருங்கோ" என்று பொத்தானை அழுத்தினார்.

திரை முழுக்கக் கறுப்பு எழுத்து: 'இந்தப் படங்களை எடுத்தது நான். இதில் இருப்பவர் என் அப்பா. அவருடைய பெயரை இந்த ஐயாவிடம் கேளுங்கள்.'

அவர் திரும்பவும் அழுத்தினார். திரும்பவும் அதுவே வந்தது. முன்வரிசையில் ஓர் அதிகாரி உண்மையாகவே கேட்டார்: "என்ன பேர் அவருக்கு?"

மேடையில் நின்றவருக்குத் தெரியவில்லை. அம்மா எழும்பி நின்று சொன்னா. மண்டபம் அப்படியே திரும்பி எங்களைப் பார்த்தது.

வாசலில் அவர் என்னை மறித்தார். "உமக்கென்ன விசரே? என்னட்டத் தனியச் சொல்லியிருக்கலாம்தானே?"

"நீங்கள் வகுப்பில என்னட்டத் தனியவோ சொன்னனீங்கள், சேர்?"

அவருடைய மனைவி தலையைக் குனிந்தபடி எங்களைக் கடந்து போனா. அது மட்டும் கொஞ்சம் குத்தியது. ஆனால் பேசாலைக்கு வரும் பஸ்ஸில் நான் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அவருடைய தளம் அன்றைக்கே மூடப்பட்டது. பிறகு, நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டால் பிரச்சினை முடியும் என்று ஓர் ஆள் மூலம் சொல்லியனுப்பினார். நான் கேட்கவில்லை. இனியும் கேட்கப் போவதில்லை.