சேந்துட்டு

இது நடந்தது. யாரோ யாரிடமோ சொல்லி, கை கால் முளைத்து வந்த கதை இல்லை. வேல்ராஜிடம் தனியாகக் கேட்டாயிற்று. அவன் மனைவி அனுசியாவிடமும் தனியாகக் கேட்டாயிற்று. இருவர் சொன்னதிலும் ஒரு நிமிஷம்கூட முன்பின் இல்லை. இதற்கு மேலும் நம்பாதவர்கள், ஆடி மாதச் சாரலில், காலை ஏழு மணிக்கு, கொடுவாமடைக் குளத்தின் நடுவில் ஒரு படகைக் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்கலாம். தடுக்க ஆள் இல்லை.

வேல்ராஜ் பயந்தாங்கொள்ளி கிடையாது. பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன், பனிமலையில் ஒற்றை ஆளாகக் காவல் நின்றவன். அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் மீன். போன சித்திரையில் ஓய்வு பெற்று, மனைவி மகளோடு தென்காசிக்கே வந்துவிட்டான். சீசன் தொடங்கியதும் ஊரே குற்றாலத்துக்குக் குளிக்கப் போனது. இவன் மட்டும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு குளம் குளமாக அலைந்தான். "பேசாம ஒரு விராலுக்குத் தாலி கெட்டியிருக்கலாம்" என்று அனுசியா கேலி செய்வாள். ராயகிரிக்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவன் மனதில் நான்கு வருஷமாகக் கிடந்தது அந்த முங்கின படகு. லீவில் வந்திருந்தபோது, குற்றாலம் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் மந்திரமூர்த்தி அண்ணாச்சி சொன்னது. கொடுவாமடைக் குளத்தின் அடியில் ஒரு பழைய பலகைப் படகு கிடக்கிறதாம். பெரிய விரால் எல்லாம் அதற்கு அடியில்தான் ஒண்டுமாம். படகு கிடக்கும் இடத்தைப் பிடிப்பதற்கு அண்ணாச்சி இரண்டு குறி சொல்லிக் கொடுத்தார்.

மேற்கே மலையில், மழைக்காலத்தில் மட்டும் பேரில்லாத அருவி ஒன்று வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு மேலக்கரையில் நிற்கும் ஒற்றைப் பனைக்கு நேராக வர வேண்டும். வடகிழக்கே தென்காசிக் கோபுரம். அது மடையின் கல்தூணுக்கு நேராக வர வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் நேராகிற இடத்துக்குக் கீழேதான் படகு. ஒரே ஆள் இரண்டு பக்கமும் பார்க்க முடியாது. அதனால் இரண்டு பேர் போக வேண்டும். ஒருவர் மலையைப் பார்த்து, ஒருவர் கோபுரத்தைப் பார்த்து, முதுகு காட்டி உட்கார வேண்டும். குறி நேரானதும் அவரவர் "சேந்துட்டு" என்று சொல்ல வேண்டும். இரண்டு சேந்துட்டும் ஒன்றாக விழுந்தால் நங்கூரக் கல்லைப் போட்டுவிட வேண்டியதுதான்.

கூட வர வேறு யாரும் சிக்கவில்லை. அனுசியாவைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனான். அவளுக்கு நீச்சல் துளியும் தெரியாது. நான்கு வயது மகள் ஜெயசித்ராவைத் தூக்கத்திலேயே பக்கத்து வீட்டில் கிடத்திவிட்டு வந்திருந்தாள்.

"எட்டு மணிக்குள்ள உன்னப் பிள்ளைகிட்ட சேத்துருவேன். சத்தியம்" என்றான் வேல்ராஜ்.

"தண்ணியில வச்சு சத்தியம் பண்ணாதிய" என்றாள் அவள்.

காலை 6.15. தெரிந்தவரிடம் இரவல் வாங்கிய சின்ன ஃபைபர் படகு. மலையைப் பார்த்து வேல்ராஜ், கையில் துடுப்போடு. கோபுரத்தைப் பார்த்து அனுசியா, கழுத்தில் ஷாலோடு, மடியில் காற்றடித்த லாரி டியூபோடு. இருவருக்கும் நடுவில் மீன் போடுவதற்கு ஒரு பெரிய தெர்மாகோல் பெட்டி. வானம் வெளுத்திருந்தது. அருவிக் கோடு பளிச்சென்று தெரிந்தது. சாரல் முகத்தில் சுகமாக விழுந்தது.

6.40க்கு மலையிலிருந்து மேகம் இறங்கியது. முதலில் அருவி போனது. பிறகு பனை. பிறகு கரையே போனது. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். வேல்ராஜும் அதைத்தான் இன்றுவரை சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்கிறான். ஆனால் நாலு வருஷ ஆசை. மேகம் ஒரு நிமிஷம் விலகாதா என்று துடுப்பை லேசாக அசைத்தபடி காத்திருந்தான்.

விலகியது. சன்னல் திறந்த மாதிரி மேற்கே மட்டும் ஒரு இடைவெளி. வெள்ளைக் கோடு, அதன் கீழே பனை, நூல் பிடித்தாற்போல் நேராக.

"சேந்துட்டு" என்றான்.

"சேந்துட்டு..." என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

கல்லைத் தூக்கிப் போட்டான். கயிறு ஓடி நின்றது. இடைவெளி மூடிக்கொண்டது. மணி 6.52.

தூண்டில் நரம்பில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கினான். சேறாக இருந்தால் ஈயம் விழுவது கைக்கே தெரியாது.

டொக்.

தூக்கி மறுபடி விட்டான்.

டொக்.

மரம். படகேதான்! அவனுக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஜிலேபி மீன் குஞ்சைத் தூண்டிலில் கோத்து இறக்கிவிட்டு, சந்தோஷத்தில் பின்னால் சாய்ந்துகொண்டான். முதுகில் அவள் முதுகு பட்டது. நன்றாக நனைந்து, சில்லென்று இருந்தது.

"குளிருதாட்டி?"

"ம்..."

தொண்டை கட்டியதுபோல் இருந்தது அந்த "ம்". சாரலில் நனைந்தால் அவளுக்கு அப்படித்தான் ஆகும். வேல்ராஜ் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

6.58. நரம்பு இழுத்தது. கனமாக இருந்தது, ஆனால் துள்ளல் இல்லை. மேலே வந்தது ஒரு முழ நீள விரால். உயிர் இல்லை. கண் வெள்ளையாக வெந்துபோயிருந்தது. செத்த மீன் எப்படித் தூண்டிலைக் கடிக்கும்? வாயைப் பிரித்துப் பார்த்தான். முள்ளின் நுனியில் ஒரு மரச்சிம்பு குத்தியிருந்தது. நீலப் பெயின்ட் அடித்த சிம்பு. பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தான். ஏறும்போது தண்ணீருக்கு மேலே ஒரு சாண் நின்ற படகின் விளிம்பு, இப்போது நாலு விரல்தான் நின்றது. உள்ளே பார்த்தான். சொட்டுத் தண்ணீர் ஏறியிருக்கவில்லை.

"ஏங்க..." அனுசியாவின் குரல். தெளிவான குரல். கட்டின தொண்டை இல்லை. "ஒரே மேகமா இருக்கு. கோபுரம் இன்னும் தெரியவே இல்ல. நீங்க எப்படிக் கல்லப் போட்டிய?"

"நீதான சேந்துட்டுன்ன?"

"நான் எங்க சொன்னேன்? நீங்கல்லா அடுத்தடுத்து ரெண்டு மட்டம் சொன்னிய."

வேல்ராஜ் மீனைப் பெட்டியில் போட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று நினைத்தான். திரும்பாமலே கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பெட்டியைத் தேடினான்.

பெட்டி...

பெட்டி நடுவில் அல்லவா இருக்கிறது. அவனுக்கும் அவளுக்கும் நடுவில்.

அப்படியானால் அவன் சாய்ந்திருப்பது யார் முதுகில்?

"அனு." அசையாமல் கேட்டான். "நீ என் மேல சாஞ்சிருக்கியா?"

"இல்லயே. நீங்கதான் என் மேல சாஞ்சிருக்கிய. இப்படியா குளுந்து கெடப்பிய? நானே கேக்கணும்னு..."

அவளுக்கும் பெட்டி ஞாபகம் வந்துவிட்டது.

சாரல் சத்தம்கூட நின்றிருந்தது.

7.06.

"சேந்துட்டு..."

நடுவில். இருவருக்கும் நட்ட நடுவில்.

படகு ஒரு விரல் இறங்கியது.

"ஷால இழுக்காதிய!" அனுசியா அலறினாள்.

வேல்ராஜின் இரண்டு கையும் அவன் மடியில் இருந்தன.

திரும்பிவிட்டான். திரும்பினால் என்ன தெரியுமோ என்கிற பயம் அவள் அலறலில் போய்விட்டது. பெட்டி இருந்தது. வேறு யாரும் இல்லை. அனுசியா பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தாள். கழுத்தைச் சுற்றிய ஷால் இறுகி, அதன் முனை நேராகத் தண்ணீருக்குள் போயிருந்தது. விறைப்பாக. டியூப் நழுவி மிதந்து போய்க்கொண்டிருந்தது. அவள் முகம் தண்ணீரைத் தொட இன்னும் ஒரு முழம்தான்.

வலது கையில் மீன் கத்தி. இடது கையில் அவள் சடை.

ஷாலை அறுத்தான்.

கல் கட்டிய கயிற்றை அறுத்தான்.

படகு துள்ளிக்கொண்டு மேலே வந்தது... ஓர் ஆள் இறங்கிய மாதிரி.

எந்தப் பக்கம் கரை? எதுவும் தெரியவில்லை. தூரத்தில் குற்றாலம் ரோட்டில் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு துடுப்பைப் போட்டான். அனுசியா அவன் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஜெயசித்ரா... ஜெயசித்ரா..." என்று மகள் பேரையே சொல்லிக்கொண்டிருந்தாள். சாமி பேர்கூட அவளுக்கு வரவில்லை.

பின்னால், தண்ணீருக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம் வந்தது.

டொக்.

டொக்.

7.24க்குக் கரை. அவள் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. அது மறையப் பன்னிரண்டு நாள் ஆயிற்று.

நேராகப் போய் விழுந்த இடம் மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் டீக்கடை. இருவரும் நனைந்த துணியோடு பெஞ்சில் உட்கார்ந்ததைப் பார்த்து, அவர் கேட்காமலே டீ போட்டார். வேல்ராஜ் எல்லாவற்றையும் கொட்டினான். "சேந்துட்டு" என்கிற இடம் வந்ததும் அவர் கையில் இருந்த வடிகட்டி கீழே விழுந்தது.

"எங்க அண்ணன்" என்றார். "பால்வண்ணநாதன். அந்த முங்கின படகுக்கு நாங்க ரெண்டு பேருந்தான் விரால் புடிக்கப் போவோம். நான் மலையப் பாப்பேன், அவன் கோபுரத்தப் பாப்பான். பதினோரு வருசம் ஆச்சு. இதே ஆடி. மேகம் எறங்கிட்டு. கோபுரம் தெரியலலேன்னான். நான்தான் அவசரத்துல, தெரியாட்டா என்ன, சேந்துட்டுன்னு சொல்லித் தொலைன்னேன். சொன்னான். கல்லப் போட எந்திரிச்சேன், எங்க படகு கவுந்துட்டு. நான் நீந்தி வந்துட்டேன். அவன் ஆள் கெடைக்கவே இல்ல தம்பி."

"அண்ணாச்சி, இதை நீங்க எங்கிட்டச் சொல்லவே இல்லயே!" வேல்ராஜுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "என் பொண்டாட்டியப் பறிகொடுக்கப் பாத்தேனே! இன்னும் அந்தப் படகு அங்கனதான கெடக்கு, நாளைக்கு வேற எவனாவது போனா?"

அண்ணாச்சி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எந்தப் படகு?"

"முங்கின படகு. ஈயத்துல மரம் தட்டுச்சே. ரெண்டு மட்டம்."

"நீ பட்டாளத்துல இருந்த, உனக்குத் தெரியாது. போன வருசம் பங்குனியில குளம் சுத்தமா வத்திட்டு. அண்ணன் எலும்பாவது கெடைக்காதான்னு நானே ஆள் விட்டு அந்தப் படகத் தூக்குனேன். ஒண்ணும் இல்ல. இப்ப அங்கன வெறும் சேறுதான் தம்பி." அவர் கீழே கை காட்டினார். "படகுப் பலகையிலதான நீங்க ரெண்டு பேரும் உக்காந்திருக்கிய."

அனுசியா துள்ளி எழுந்தாள்.

நீலப் பெயின்ட் அடித்த பலகை. வெயிலில் காய்ந்து வெடித்த பழைய பலகை. வேல்ராஜ் சட்டைப் பையிலிருந்து அந்தச் சிம்பை எடுத்தான். பெஞ்சின் ஓரத்தில் விரல் அகலத்துக்குப் புதிதாக ஒரு பிளவு இருந்தது. சிம்பை அதில் வைத்தான். அச்சாகப் பொருந்தியது.

அந்த ஓரம் முழுக்கக் காய்ந்திருந்தது. அந்தப் பிளவிலிருந்து மட்டும் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.